சம்பந்தி வீட்டாரை நகருக்கு வெளியே உள்ள ஹோட்டலில் தங்க வைக்கலாமா?

கேள்வி: பழையாறு (நாகர்கோவில்)

அனைவருக்கும் வணக்கம். தை மாதக் கடைசியில் என் மகளின் திருமணம் வடசேரிக்கு அருகிலுள்ள ஒரு மண்டபத்தில் நடக்கவிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் தாம்பரத்தில் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்திலிருந்து ஏறக்குறைய 35 பேர் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் கிளம்பி, முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் விடியற்காலையில் நாகர்கோவில் சந்திப்பில் வந்து இறங்குவார்கள். இரண்டு இரவு தங்கிவிட்டுத் திரும்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் குடும்பத்தில் இதுவரை நடந்த திருமணங்களுக்கு மண்டபத்து அறைகளும் பேருந்து நிலையத்தை ஒட்டிய லாட்ஜுகளுமே போதுமாக இருந்தன. இந்த முறை என் மகன், நகர எல்லையைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ஒரு ஹோட்டலைப் பார்த்து வைத்திருக்கிறான். பல நகரங்களில் கிளைகள் உள்ள நிறுவனம், கட்டணம் நடுத்தரம்தான். ஓர் அறைக்கு ஓர் இரவு 3,200 ரூபாய், காலை உணவும் அதில் அடக்கம் என்கிறார்கள். 14 அறைகள் தேவைப்படும். மண்டபத்திலிருந்து 6 கிலோமீட்டர் தொலைவு. படங்களில் பார்க்கச் சுத்தமாக இருக்கிறது, வண்டி நிறுத்தவும் தாராளமாக இடம் இருக்கிறது.

என் மனைவிக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. பெண் கொடுக்கிற வீட்டுக்காரர்கள் சம்பந்தியை ஊருக்கு வெளியே கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அது காலத்துக்கும் நிற்கும் என்று கவலைப்படுகிறாள். மாப்பிள்ளையின் பாட்டிக்கு 80 வயது கடந்துவிட்டது. முழங்கால் வலி உண்டு. இப்படிப்பட்ட ஹோட்டலில் உறவினர்களைத் தங்க வைத்த அனுபவம் உள்ளவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் நான் எதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில்: வேளிமலை (தக்கலை)

ஐயா, தங்கள் மகளுக்கு என் வாழ்த்துகள். தங்கள் வீட்டம்மாவின் கவலை நியாயமானது, ஆனால் அது 6 கிலோமீட்டரைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை. வாசலில் வண்டி நின்றால் அந்தத் தூரம் கால் மணி நேரம். விருந்தாளிக்கு மனத்தாங்கல் வருவது தூரத்தால் அல்ல, காக்க வைக்கப்படுவதால். நான் அதை அனுபவித்துத் தெரிந்துகொண்டவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நம் ஊர் லாட்ஜுகள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு உண்டு. காலை 5 மணிக்கு அறை எடுத்தால் மறுநாள் காலை 5 மணி வரை அது நம்முடையது. கிளைகள் உள்ள ஹோட்டல்களில் பெரும்பாலும் அப்படி இல்லை. பகல் 12 மணிக்கோ 2 மணிக்கோதான் அறை கிடைக்கும், மறுநாள் 11 அல்லது 12 மணிக்குக் காலி செய்ய வேண்டும். சென்னையிலிருந்து இரவு வண்டியில் வருபவர்கள் விடியும் நேரத்தில் வந்து இறங்கும்போது, முந்தைய இரவு தங்கியவர்கள் அந்த அறைகளில் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

என் மகன் திருமணத்தில் மாப்பிள்ளை வீட்டார் நாங்கள். பெண் வீட்டார் வேறொரு மாவட்டத்தில், இதே போன்ற புறநகர் ஹோட்டல் ஒன்றில் எங்களுக்கு அறை போட்டிருந்தார்கள். காலை ஐந்தரை மணிக்கு நாங்கள் 28 பேர் போய் இறங்கினோம். வரவேற்பில் இருந்த இளைஞர் மிகவும் பணிவாகப் பேசினார், ஆனால் கொடுப்பதற்கு அவரிடம் அறை இல்லை. என் மனைவி கூறைப்புடவையும் தாலியும் இருந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்கூடத்துச் சோபாவில் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெட்டியைத் தரையில் வைக்கவும் மனம் வரவில்லை, வேறொருவர் கையில் கொடுக்கவும் மனம் வரவில்லை. 28 பேருக்கும் முன்கூடத்தில் இருந்த ஒரே ஒரு கழிப்பறைதான். எங்கள் சம்பந்தி நல்ல மனிதர், செலவுக்குச் சுணங்கியவரும் அல்லர். ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிட்டார், அவ்வளவுதான். ஆனாலும் அந்தக் காலைப் பொழுது இன்றைக்கும் எங்கள் வீட்டில் பேச்சாக இருக்கிறது.

ஆகவே நான் சொல்வது இதுதான். 14 அறைகளில் ஐந்தையாவது முந்தைய இரவிலிருந்தே எடுத்துவிடுங்கள். பெரியவர்கள் அவற்றில் படுத்து ஓய்வெடுக்கலாம். மற்றவர்கள் முறை வைத்துக் குளித்துக் கிளம்பலாம். ஐந்து அறைக்கு ஒரு நாள் வாடகை கூடுதலாகும் என்பது உண்மைதான். அப்படி எடுக்கும்போது, விருந்தினர்கள் மறுநாள் விடியற்காலையில்தான் வருவார்கள் என்பதைப் பதிவிலேயே எழுத்தில் குறிக்கச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் இரவு வரை ஆள் வரவில்லை என்று பதிவையே ரத்து செய்துவிட்டு, அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடும் வழக்கம் உண்டு.

தனியாகப் பின்னால் வரும் உறவினர்களிடம் பயணச்சீட்டில் எந்த நிலையம் என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் கோட்டாற்றில் உள்ள சந்திப்பில் நிற்கும். திருவனந்தபுரம் பக்கம் போகும் சில வண்டிகளோ நாகர்கோவில் டவுன் நிலையத்தில்தான் நிற்கும். உங்கள் வண்டி ஓரிடத்திலும் விருந்தாளி இன்னோரிடத்திலும் நிற்கக் கூடாது. இளையவர்கள் சிலர் 2024 ஆகஸ்ட் கடைசியில் தொடங்கிய வந்தே பாரத்தில் வரச் சம்மதித்தால் இன்னும் நல்லது. அது அதிகாலையில் எழும்பூரில் கிளம்பிப் பிற்பகல் 2 மணியை ஒட்டி இங்கே வந்து சேர்கிறது, அறை கிடைக்கும் நேரமும் அதுதான்.

பதில்: தோவாளைப் பிச்சி (ஆரல்வாய்மொழி)

அண்ணாச்சிக்கு வணக்கம். பாட்டியைப் பற்றி எழுதியிருந்ததால்தான் நான் பதில் எழுதுகிறேன். படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீங்களோ உங்கள் மனைவியோ ஒருமுறை நேரில் போய், பாட்டிக்குக் கொடுக்கப்போகும் அறையின் குளியலறைக்குள் நின்று பாருங்கள். உங்கள் மனைவி போவது இன்னும் நல்லது.

இந்த வகை ஹோட்டல்களில் குளிக்கும் இடத்தைக் கண்ணாடியால் தடுத்து, தண்ணீர் வெளியே வராமலிருக்க நான்கு விரற்கடை உயரத்துக்கு ஒரு திட்டு வைத்திருப்பார்கள். நமக்கு அது கண்ணிலேயே படாது, முழங்கால் வலி உள்ளவருக்கோ அதைத் தாண்டுவதே பெரும்பாடு. மேலிருந்து கொட்டும் ஷவர் மட்டும் இருக்கும். வாளியும் கப்பும் கேட்டால்தான் கொண்டுவருவார்கள். உட்கார்ந்து குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, பிடித்துக்கொள்ளச் சுவரில் கைப்பிடி, வழுக்காத மிதியடி ஆகிய மூன்றும் உண்டா என்று பாருங்கள். கைப்பிடி பெரும்பாலும் எல்லா அறைகளிலும் இருக்காது. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கென்று ஒன்றிரண்டு அறைகள் வைத்திருப்பார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள்.

மின்சார அட்டை பற்றியும் சொல்ல வேண்டும். என் மாமியாரோடு ஒருமுறை சென்னைப் புறநகரில் இப்படியொரு ஹோட்டலில் தங்கினோம். கதவைத் திறக்கும் அட்டையைச் சுவரில் உள்ள பெட்டியில் செருகினால்தான் அறையில் விளக்கும் விசிறியும் ஏசியும் இயங்கும். அத்தை தூங்குகிறார்களே என்று நாங்கள் அட்டையை எடுத்துக்கொண்டு கீழே சாப்பிடப் போய்விட்டோம். சற்று நேரத்தில் அறை முழுவதும் இருட்டாகிவிட்டது. ஜன்னலுக்குக் கனமான திரை போட்டிருந்ததால் பகலிலும் வெளிச்சம் இல்லை. அத்தை சுவரைத் தடவித் தடவி ஒவ்வொரு சுவிட்சாக அமுக்கிப் பார்த்துவிட்டு, எதுவும் எரியாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கதவைத் திறந்தபோது அவர்கள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பாட்டியின் அறைக்கு இரண்டு அட்டை வாங்கி, ஒன்றை எப்போதும் பெட்டியிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். கட்டிலுக்கு அருகில் உள்ள தொலைபேசியில் வரவேற்பை அழைக்க எந்த எண்ணை அமுக்க வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டிவையுங்கள்.

முடிந்தால் தரைத்தளம், இல்லையென்றால் முதல் மாடியில் லிஃப்டுக்குப் பக்கத்து அறை.

பதில்: கணக்குப்பிள்ளை (மார்த்தாண்டம்)

நான் ஹோட்டல் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். பணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

3,200 ரூபாய் என்பது வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று முதலில் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை வாடகை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு முன் 12 சதவீதமாக இருந்தது. உங்கள் கணக்கில் 14 அறை, இரண்டு இரவு என்றால் 28 வாடகை. ஒரு வாடகைக்கு வரி 160 ரூபாய்தான் வர வேண்டும். பழைய விகிதத்தில் போட்டால் 384 ரூபாய் ஆகும், மொத்தத்தில் 6,272 ரூபாய் வித்தியாசம். விலைக் குறிப்பை எழுத்தில் வாங்கி, அதில் வரி விகிதத்தைப் பாருங்கள்.

இணையத்தில் காட்டும் விலையை வைத்துக்கொண்டு 14 அறைகளைப் பதிவு செய்யாதீர்கள். பத்து அறைக்கு மேல் என்றால் மேலாளரிடம் நேரில் பேசிக் குழு விலை கேட்பதே முறை. அப்போது காலை உணவைப் பற்றியும் பேசுங்கள். இப்படிப்பட்ட இடங்களில் காலை உணவு ஏழு, ஏழரை மணிக்குத்தான் தொடங்கும். ஒன்பது மணி முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் ஏழு மணிக்கே கிளம்பி மண்டபத்துக்கு வந்துவிடுவார்கள், அங்கே எப்படியும் நீங்கள் சிற்றுண்டி வைத்திருப்பீர்கள். அன்றைக்கு ஹோட்டலில் 35 பேருக்குக் காலை உணவுக்குப் பணம் கட்டி, அதை ஒருவரும் சாப்பிடாமல் போவதில் என்ன பயன்? திருமண நாளுக்கு மட்டும் உணவில்லாத வாடகை போடச் சொல்லுங்கள். ஆனால் ஆறு மணிக்கு அறைகளுக்குக் காப்பி வர வேண்டும் என்று உறுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு ரசீதில் சேவைக் கட்டணம் என்று தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். அப்படிச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. பேசித் தீரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. சம்பந்தி வீட்டார் முன்னிலையில் இந்தப் பேச்சு எழாமல் இருக்க, அறைகளில் இருந்து அவர்கள் எதைக் கேட்டாலும் ரசீது உங்கள் பெயருக்கே வர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அடையாள அட்டை விஷயத்தையும் விட்டுவிடாதீர்கள். விடியற்காலையில் 35 பேரும் வரிசையில் நின்று ஆதார் அட்டையைத் தேடி எடுப்பதும் காக்க வைப்பதுதான். நகல்களை இரண்டு நாள் முன்பே வாங்கிக் கொடுத்துவிட்டால், வந்தவர்கள் கையெழுத்து மட்டும் போட்டால் போதும். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும்படி மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே பதிவிறக்கலாம், அதைக் கொடுப்பது நல்லது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர் யாராவது வந்தால் ஹோட்டலுக்கு முன்பே சொல்லுங்கள். அவர்கள் தங்குவதை 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய பொறுப்பு ஹோட்டலுக்கு இருக்கிறது.

பதில்: முக்கடல் (கன்னியாகுமரி)

எல்லாரையும் கன்னியாகுமரியிலேயே தங்க வைத்தால் என்ன என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். இந்த ஊர்க்காரனாக நான் வேண்டாம் என்பேன். மண்டபத்துக்கும் இங்கேயும் 20 கிலோமீட்டர். சூரிய உதயம் பார்க்க வரும் கூட்டத்தால் விடியற்காலையில் தெருக்கள் நிறைந்திருக்கும். தை அமாவாசை அந்த வாரத்தில் விழுந்தால் நீராட வருபவர்களால் இன்னும் நெரிசலாகும். அவர்கள் வந்து இறங்கும் நாள் மாலையில் ஒரு வண்டியில் இங்கே அழைத்து வந்து, சூரியன் மறைவதைக் காட்டிவிட்டுத் திரும்பினால் போதும். பாறைக்குப் போகும் படகு மாலையில் நின்றுவிடும் என்பதால், விவேகானந்தர் பாறையிலிருந்து திருவள்ளுவர் சிலைக்குப் போகும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தைப் பார்க்க விரும்புபவர்கள் பகலிலேயே கிளம்ப வேண்டும்.

தை மாதம் என்பதால் இன்னொன்று. நாகராஜா கோயில் தைத் திருவிழாவின் தேரோட்டம் எந்த நாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் நிகழ்ச்சி நாளும் அதுவும் ஒன்றானால், ஹோட்டலிலிருந்து மண்டபத்துக்கு வரும் வழியை ஓட்டுநர்களிடம் முதல் நாளே பேசி வைக்க வேண்டும்.

மீண்டும்: பழையாறு (நாகர்கோவில்)

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று நானும் என் மனைவியும் அந்த ஹோட்டலுக்குப் போய் வந்தோம். அறை பகல் 2 மணிக்குத்தான் என்று அவர்களே சொன்னார்கள். வேளிமலை ஐயா எழுதியிராவிட்டால் எனக்கு அதைக் கேட்கத் தோன்றியிருக்காது. ஆறு அறைகளை முந்தைய இரவிலிருந்தே எடுத்து, விருந்தினர் விடியற்காலையில் வருவார்கள் என்று மேலாளர் கையெழுத்துடன் கடிதம் வாங்கிவிட்டேன். வரி 5 சதவீதம் என்று விலைக் குறிப்பிலேயே போட்டிருக்கிறது. திருமண நாளுக்குக் காலை உணவைக் கழித்து அறைக்கு 300 ரூபாய் குறைத்தார்கள்.

தோவாளைச் சகோதரி சொன்னபடி என் மனைவி குளியலறைக்குள் போய்ப் பார்த்தாள். முதலில் காட்டிய அறையில் திட்டு இருந்தது, கைப்பிடி இல்லை. கேட்ட பிறகுதான் தரைத்தளத்தில் கைப்பிடியும் சம தரையும் உள்ள ஓர் அறையைத் திறந்து காட்டினார்கள். அதையே பாட்டிக்கு என்று எழுதி, இரண்டு அட்டை தர வேண்டும் என்பதையும் கடிதத்தில் சேர்க்கச் சொன்னது அவள்தான். நிலையத்துக்கு இரண்டு வேன் பேசியாகிவிட்டது. என் தம்பியும் மகனும் பிளாஸ்க்கில் காப்பியோடு நடைமேடையிலேயே நிற்பார்கள். இன்று மாலை சம்பந்தி அம்மாவை அழைத்து, பாட்டிக்கு எந்த அறை என்பதை அவளே சொல்வதாக இருக்கிறாள்.