1971 மார்ட்டின் கிதாரா, புது மார்ட்டின் கிதாரா? விரலால் வாசிக்க எதை வாங்கலாம்?

ஆறுகம்பி:
நியூ ஜெர்சியில் இருக்கிறேன். நாலு வருடமாக பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) இல்லாமல் விரலால் மட்டும்தான் கிதார் வாசிக்கிறேன். கட்டைவிரல் பேஸ் (தாழ்ந்த சுருதி) கம்பிகளில் தாளம் போட்டுக்கொண்டே இருக்க, மற்ற விரல்கள் மேலே மெட்டு எடுக்கும் அந்தப் பழைய பாணி. கையில் இருப்பது டிரெட்நாட் என்ற பெரிய உடம்புள்ள கிதார், சோபாவில் உட்கார்ந்து அரை மணி நேரம் வாசித்தால் வலது தோள் கழன்றுவிடும் போல இருக்கிறது. அதனால் சின்ன உடம்புள்ள மார்ட்டின் 000-18 மாடல் வாங்கலாம் என்று முடிவு. இரண்டு இருக்கின்றன: ஒன்று 1971-இல் செய்தது, பென்சில்வேனியாவில் ஒரு பெரியவர் விற்கிறார். இன்னொன்று கடையில் பெட்டி பிரிக்காத புதுசு. விலை ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டில் அனுமதியும் ஒன்றுக்குத்தான். எது?

பழையபெட்டி:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி? 71-ஐ வாங்குங்கள். ஐம்பது வருடம் காய்ந்த ஸ்ப்ரூஸ் மரத்து டாப்பை (மேற்பலகையை) எந்தத் தொழிற்சாலையும் ஒரே நாளில் செய்து தர முடியாது. என்னிடம் இருக்கும் பழையதில் மூன்றாம் கம்பியைச் சும்மா விரல் நுனியால் தொட்டாலே போதும், எழும்பி வரும். புதுசை நாம் உலுக்கி எழுப்ப வேண்டியிருக்கிறது. விரலால் வாசிப்பவனுக்கு பிக்கின் பலம் கிடையாது, அவனுக்குத்தான் இந்த வித்தியாசம் முக்கியம்.

தச்சுப்பட்டறை:
பழையபெட்டி சார் சொல்வதைக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் ரிப்பேர் மேசையில் உட்கார்பவன், என் கணக்கு வேறு. 71-இல் செய்த மார்ட்டினின் கழுத்துக்குள் இருப்பது சதுர இரும்புக் குழாய், திருகித் திருத்த முடியாது. கழுத்தின் வளைவைத் திருகித் திருத்தும் ட்ரஸ் ராட் என்ற உள்கம்பி அவர்களிடம் வந்தது 1985-இல்தான். அடுத்து, லைட் கம்பி போட்டாலே 70 கிலோவுக்கு மேல் இழுவை. அதை ஐம்பது வருடம் தாங்கிய எந்தக் கிதார்ப் பெட்டிக்கும் வயிறு கொஞ்சம் உப்பும், கழுத்துக் கோணம் மாறும், கம்பி ஃப்ரெட்டை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையை) விட்டு மேலேறும். அதைச் சரிக்கட்ட ஒவ்வொரு உரிமையாளரும், பிரிட்ஜில் (டாப்பில் கம்பி மாட்டும் மரக்கட்டையில்) கம்பியைத் தாங்கும் சேடிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து வைத்திருப்பார்கள். கடைசியில் தேய்க்க ஒன்றும் மிஞ்சாது. அப்போது நெக் ரீசெட், அதாவது கழுத்துக் கோணத்தைத் திருத்துவது: பதினைந்தாவது ஃப்ரெட்டைப் பிடுங்கி, துளை போட்டு, நீராவி செலுத்தி, ஒட்டிய மூட்டை இளக்கிக் கழுத்தைக் கழற்ற வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை பார்க்கணும்.

அரைக்கட்டை:
அதை விடுங்கள், கையை யாராவது கேட்டீர்களா? கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைப் பிரித்து நிறுத்தும் நட், 71-இல் அகலம் சுமார் 43 மி.மீ. புதுசில் 44.5. ஒன்றரை மில்லிமீட்டர்தானே என்று சிரிக்க வேண்டாம். முதல் பொசிஷனில் சி கார்டு (சுரக்கூட்டு) பிடித்துக்கொண்டு சுண்டுவிரலைக் கூட்டி மெட்டு எடுத்துப் பாருங்கள், குறுகிய நட்டில் பக்கத்துக் கம்பியைத் தொட்டுத் தொட்டு ஊமையாக்குவோம். எனக்கு விரல் தடிமன், மூன்று மாதம் என் வாசிப்புதான் மோசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழையபெட்டி:
அரைக்கட்டை, அந்தக் காலத்தில் அந்த நட்டில்தான் எல்லோரும் வாசித்தார்கள். பழகிவிடும். நாம் கேட்டு மயங்கிய ரெக்கார்டுகள் எல்லாம் பழைய மரத்தில் வாசித்ததுதானே.

அரைக்கட்டை:
இல்லையே! விரலால் வாசித்த பழைய ப்ளூஸ் கலைஞர் மிசிசிப்பி ஜான் ஹர்ட்டை 1963-இல் தேடிக் கண்டுபிடித்தபோது அவரிடம் சொந்தமாக கிதாரே கிடையாது. அதற்கப்புறம் அவர் வைத்திருந்தது கில்ட் கம்பெனியின் எஃப்-30 கிதார், அப்போது கடையில் விற்றுக்கொண்டிருந்த மாடல். அவருக்கு விண்டேஜ் தேவைப்படவில்லை, கட்டைவிரல் போதும்.

தச்சுப்பட்டறை:
இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பழைய மார்ட்டின் என்றதும் மனதில் ஓடுவது 1930-களின் ஒலி. டாப்புக்கு அடியில் எக்ஸ் வடிவில் ஒட்டியிருக்கும் தாங்குகுச்சிகளை, அதாவது பிரேசிங்கை, அப்போது குடைந்து மெலிதாக்கியிருப்பார்கள். கனமான கம்பி போட்டுக்கொண்டு வந்து பெட்டியைக் கெடுத்தவர்கள் அதிகமானதால் 1944-இல் குடைவதை நிறுத்தினார்கள், எச்டி-28 மாடல் வந்த 1976-இல்தான் அது திரும்ப வந்தது. ஆக 71-இல் இருப்பது குடையாத பிரேசிங். இன்றைய 000-18-இல் குடைந்தது. வடிவமைப்பில் 1930-களுக்கு நெருக்கம் புதுசுதான், 71 இல்லை. வேடிக்கைதான், என்ன செய்வது.

பழையபெட்டி:
இது எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? குடையாத பிரேசிங்தான் எனக்குப் பிடிக்கும். குடைந்ததில் கட்டைவிரல் பேஸ் பொங்கி வந்து மெட்டை மூழ்கடிக்கும், குடையாததில் பேஸ் கட்டுக்குள் நிற்கும், ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும். ஆறுகம்பி வாசிக்கும் பாணிக்கு அதுதான் சரி.

தச்சுப்பட்டறை:
இதை ஒத்துக்கொள்கிறேன்.

நாலாம்ஃப்ரெட்:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். பழையது என்றால் பிரேசிலியன் ரோஸ்வுட்டாச்சே, அந்த மரம் இப்போது கிடைக்காது, விலை ஏறும், முதலீடாக நினைத்து வாங்கலாமே?

அரைக்கட்டை:
18 என்றால் மகாகனி ஐயா, ரோஸ்வுட் 21, 28 மாதிரியான மாடல்களில். அதிலும் மார்ட்டின் 1969 கடைசியிலேயே பிரேசில் மரத்தை விட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறிவிட்டார்கள், அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம். நீங்கள் சொல்லும் பிரேசிலியன் 1992 முதல், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, உரிய தாள் இல்லாமல் நாடு தாண்டிக் கொண்டுபோக முடியாது. ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருப்பவர்கள் இதை யோசிக்கணும். அப்புறம் மரத்தைப் பற்றி: 2018-இல் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வில் பின்பக்க, பக்கவாட்டு மரம் மட்டும் வேறாக ஆறு கிதார் செய்து 52 பேரை வாசிக்கச் சொன்னார்கள். இருட்டறை, வெல்டிங் கண்ணாடி. மலிவு மரத்துக்கும் பிரேசிலியனுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான்.

பழையபெட்டி:
அந்த ஆறும் புதுசு அம்மா! அந்தச் சோதனை மரத்தின் வகையைப் பற்றியது, வயதைப் பற்றியதே இல்லை. டாப்பு எல்லாவற்றிலும் ஒரே மாதிரி. என் வாதத்தை அது தொடவே இல்லை.

அரைக்கட்டை:
சரி, நியாயம். ஆனால் வயலினில் வயதையே சோதித்தார்கள். 2010-இல் இண்டியானாபொலிஸில் கண்ணைக் கட்டாத குறையாக 21 பேர் வாசித்தார்கள், புகழ்பெற்ற பழைய ஸ்ட்ராடிவாரி வயலினும் இருந்தது, பெரும்பாலோர் எடுத்துப்போக ஆசைப்பட்டது புது வயலின்.

பழையபெட்டி:
வயலின் வேறு, கிதார் வேறு. வில்லால் இழுப்பதும் விரலால் தெறிப்பதும் ஒன்றா?

கடலோரம்:
சென்னைக்காரன். இங்கே பழசு, புதுசு எல்லாம் அப்புறம், முதலில் ஈரப்பதம். 45-இலிருந்து 55 சதவீதம் இருக்க வேண்டும் என்பார்கள், நவம்பர் மழையில் என் அறையில் 80-ஐத் தாண்டும். அங்கிருந்து யாரோ தூக்கி வந்த 60-களின் அமெரிக்கப் பெட்டி ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன், பெயர் வேண்டாம். இரண்டே மழைக்காலம். பிரிட்ஜின் பின்விளிம்பில் முதலில் ஒரு மெல்லிய கோடு, விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு. பிறகு ஒருநாள் ராத்திரி துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம், எழுந்து போய்ப் பார்த்தால் பிரிட்ஜ் கம்பியோடு தொங்குகிறது. ஆறுகம்பிக்கு எதிர்ப் பிரச்சினை: குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் வீட்டுக் காற்று வறண்டுபோகும், டாப்பு வெடிக்கும். பெட்டிக்குள் ஈரப்பொட்டலம் வைக்க மறக்காதீர்கள்.

தச்சுப்பட்டறை:
ஆறுகம்பி, போய்ப் பார்க்கும்போது ஒரு நீள எஃகு ஸ்கேலும் சின்னக் கண்ணாடியும் கொண்டுபோங்கள். ஸ்கேலை ஃப்ரெட்டுகளின் மேல் வைத்தால் அதன் நுனி பிரிட்ஜின் மேல்விளிம்பை ஒட்டி வர வேண்டும். பிரிட்ஜின் மரத்தில் மோதினால் கோணம் போய்விட்டது. சேடில் எவ்வளவு வெளியே தெரிகிறது என்றும் பாருங்கள். கண்ணாடியை உள்ளே விட்டு பிரேசிங் எங்காவது விட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதுசில் இந்தத் தொல்லை வந்தாலும் முதல் உரிமையாளருக்கு வாரண்டி உண்டு, பழசில் கிடையாது.

ஆறுகம்பி:
சனிக்கிழமை போய்விட்டு வந்தேன். ஸ்கேல் பிரிட்ஜின் பாதி உயரத்தில் முட்டியது. சேடில் ஒரு மில்லிமீட்டர் கூட வெளியே இல்லை, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பி மூன்றரை மி.மீ. உயரம். ஐம்பது வருடப் பெட்டிக்கு இது இயல்பு என்று பெரியவரே சொன்னார், மறைக்கவில்லை. ஆனால் அவர் மடியில் வைத்து வாசித்துக் காட்டினார் பாருங்கள். கட்டைவிரல் மட்டும்தான் அசைவது தெரிந்தது, மீதி எங்கிருந்து வருகிறது என்று புரியவில்லை. பழையபெட்டி சார் சொன்ன மாதிரி கம்பிகள் தனித்தனியாகக் கேட்டன. நான் வாங்கி வாசித்தேன், சுண்டுவிரல் பக்கத்துக் கம்பியைத் தொட்டு ஊமையாக்கியது, அரைக்கட்டை சொன்ன அதே இடத்தில். திரும்பி வரும் வழியில் கடையில் நிறுத்தி, புதுசை விட்டுவிட்டு, 2016-இல் செய்த செகண்ட் ஹேண்ட் 000-18 ஒன்றை வாங்கிவிட்டேன். டாப்பு லேசாக மஞ்சளாகியிருக்கிறது, நட் 44.5, புதுசை விட ஆயிரம் டாலர் குறைவு.

பழையபெட்டி:
பத்து வருடத்துப் பெட்டியா? ரெண்டும்கெட்டான். நல்லா இருங்கள்.

தச்சுப்பட்டறை:
வாழ்த்துகள். அந்த 71 இன்னும் அங்கேதானே இருக்கிறது? பெரியவரின் நம்பரைத் தனிமடலில் அனுப்புங்கள். ரீசெட் நானே செய்துகொள்வேன்.

பழையபெட்டி:
அடப்பாவி! ஆறுகம்பி, முதலில் எனக்கு.