மறுமொழி: ‘குவயட் ஐ’ – அமைதிக் கண்ணா, வைத்தகண்ணா?

நண்பர்களுக்கு வணக்கம். ‘குவயட் ஐ’ (quiet eye) என்ற விளையாட்டு அறிவியல் சொல்லுக்குத் தமிழ் தேடும் நம் இழையில் வந்த யோசனைகளுக்கு என் மறுமொழி இது.

> ‘அமைதிக் கண்’ என்றே வைத்துவிடலாம். சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கிறது.

சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் படித்தவுடன் எனக்குத் தியான மண்டபம்தான் நினைவுக்கு வருகிறது. கால்கரி பல்கலைக்கழகத்தின் ஜோன் விக்கர்ஸ் 1996இல் கூடைப்பந்து ஃப்ரீ த்ரோ வீசுபவர்களை வைத்து எழுதியது வேறு சங்கதி. கை கிளம்பும் முன் கண் கடைசியாக ஓர் இடத்தில் ஊன்றுகிறதே, அது. வரையறை கறாரானது: கண் 3 பாகைக் கோணத்துக்குள், குறைந்தது 100 மில்லிநொடி நிற்க வேண்டும். (கையை நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள், அதன் அகலம் ஏறக்குறைய 2 பாகை.) தேர்ந்தவர்களிடம் இந்த நேரம் நீளம். அந்த இடைவெளியில் மூளை அசைவின் திசையையும் விசையையும் அமைத்துக்கொள்கிறது என்பது அவர் தரும் விளக்கம்.

> ‘நிலைகுத்திய பார்வை’ அல்லது ‘கூர்நோக்கு’?

முதலாவது வேண்டவே வேண்டாம். எங்கள் வீட்டில் ‘கண்ணு நிலைகுத்திடுச்சு’ என்றால் சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஃபோன் பறக்கும். கூர்நோக்கு நல்ல சொல். அதைச் சிறார் இல்லத்துக்கு ஏற்கனவே கொடுத்துவிட்டோம்.

இன்னொரு தொல்லை, ‘பார்வை’. இந்த நேரத்தை அளக்கும் விதத்தைப் பாருங்கள்: வீரர் அணியும் கண்ணாடியில் பொருத்திய சிறு கேமரா அகச்சிவப்பு ஒளியில் கருமணியைத் தொடர்கிறது. வெளியே நிற்கும் கேமராவின் படத்தில் தோள், முழங்கை, மணிக்கட்டுப் புள்ளிகளைக் கணினி நிரல் கண்டெடுத்து, கை எப்போது கிளம்பியது என்கிறது; இதற்குப் பெயர் ‘கணினிப் பார்வை’ (computer vision). இரண்டையும் ஒரே கடிகாரத்தில் கோத்தால்தான் நாம் பெயர் தேடும் நேரம் கிடைக்கும். ‘கணினிப் பார்வை வீரரின் பார்வையைப் பார்த்து...’ என்று எழுதிவிட்டு நானே அடித்தேன். மனிதர் பக்கம் கண், விழி என்றே இருக்கட்டும்.

போன ஞாயிறு வியாசர்பாடியில் ஒரு கேரம் மன்றத்தில், ஒரு பெண் ஆடுவதை ஃபோனில் நொடிக்கு 240 சட்டம் (ஃப்ரேம்) வீதம் எடுத்தேன். குழி, காய், ஸ்ட்ரைக்கர், மறுபடி காய் என்று கண் தாவுகிறது. அப்புறம் நின்றுவிடுகிறது. பவுடர் ஒட்டிய விரல் சுண்டும் வரை 61 சட்டம் எண்ணினேன். ஏறக்குறைய கால் நொடி. பாகைக் கணக்கெல்லாம் ஃபோனில் வராது, வெறும் கண்மதிப்புதான். பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் சாதாரணமாகச் சொன்னார்: “வெச்ச கண்ணை வாங்காம சுண்டுவா சார்.”

சொல் கிடைத்துவிட்டது! வைத்தகண். தொடக்கம் கண்வைப்பு, முடிவு கண்வாங்கல், அளவு வைத்தகண் நேரம். வினையும் பெயரும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. ‘அமைதிக் கண்’ணை வைத்துக்கொண்டு முடிவுக்கு என்ன சொல்வீர்கள், அமைதி கலைவா?

மற்ற இரண்டு சொற்களில் தகராறு இருக்காது என்று நினைக்கிறேன். கண் ஓரிடத்தில் நிற்கும் ‘ஃபிக்சேஷன்’ ஊன்றல், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சட்டென்று நகரும் ‘சக்கேட்’ தாவல். மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்லியாடும் 2000இல் வெளியிட்ட கிரிக்கெட் ஆய்வுக்கும் தாவல் பொருந்தும். பந்து கிளம்பியதும் மட்டையாளரின் கண் அதை விட்டுவிட்டு, பந்து குத்தப்போகும் இடத்துக்கு முன்னதாகவே தாவிக் காத்திருக்கிறது. சேப்பாக்க கேலரியில் ‘பந்தையே பாருடா’ என்று கத்துபவர்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை.

ஒரு குறை உண்டு. வீட்டில் சொன்னதும், “கண் வைக்கிறதுன்னா திருஷ்டி இல்லையா?” என்றார்கள். வைத்தகண்ணில் அந்த வாடை இல்லை. கண்வைப்பில் கொஞ்சம் அடிக்கிறது. தொடக்கத்துக்கு மட்டும் வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள். அதுவரை கலைச்சொல் பட்டியலில் ‘விழியூன்றும் கணம்’ என்று போட்டு வைக்கிறேன்.