"எந்த அடிப்படையில் விமர்சிக்கிறீர்கள்?" – ஒரு வாடகைதாரர் கூட்டத்தில் கண்டது

பிராங்பர்ட்டில் மெய்யியல் படித்த காலத்தில், விமர்சனக் கோட்பாட்டுக்கு, அதாவது சமூகத்தை விளக்குவதோடு நில்லாமல் மாற்றவும் முயலும் சிந்தனை மரபுக்கு, மெய்யியல் நியாயம் தேவையில்லை என்போர்தான் எங்கள் வகுப்பில் அதிகம். அதன் முன்னோடி ஹொர்க்ஹைமர் 1937இல் எழுதிய கட்டுரையைக் காட்டுவார்கள்: சமூக அநீதியை ஒழிக்கும் அக்கறையே இந்தக் கோட்பாட்டை இயக்குகிறது; அதற்கு மேல் அஸ்திவாரம் எதற்கு? பசித்தவனிடம் போய்ப் பசிக்கு ஆதாரம் கேட்பீர்களா என்று ஒரு நண்பர் மேசையைத் தட்டுவார். உரக்கப் பேசினால் வாதம் வென்றுவிட்டது என்று நினைக்கிற ரகம்.

அவரே என்னை ஒரு வாடகைதாரர் கூட்டத்துக்கு அழைத்துப்போனார். வாடகை உயர்வுக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்த முதியவர் எழுந்தார். "வந்தேறிகளுக்கு எல்லாம் கிடைக்கிறது, எங்களை யாரும் மதிப்பதில்லை" என்றார். அடுத்துப் பேசியவர் விமான நிலையத்தில் துப்புரவு வேலை பார்க்கும் எரித்திரியப் பெண். தொலைபேசியில் பெயரைச் சொன்னதுமே வீடு போய்விட்டது என்கிறார்கள், தன்னையும் யாரும் மதிப்பதில்லை என்றார்.

அவமதிக்கப்பட்டவரின் வலியிலிருந்தே விமர்சனம் பிறக்கிறது என்று 1992இல் அதே மரபில் வந்த மெய்யியலாளர் ஹொனெத் விரிவாக எழுதினார். இங்கே இரண்டு வலிகள், இரண்டும் பொய்யில்லை. கூட்டத்தை நடத்தியவர் முதியவரிடம், "கடிதம் அனுப்பியது யார், வந்தேறிகளா, வீட்டு நிறுவனமா?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். "நிறுவனம்தான், தெரியும். ஆனாலும் முதலில் நாங்கள்" என்றார் அவர். காரணத்தை விளக்கும் சமூகவியல் அந்த "முதலில்" என்பதற்கு முன் வாயடைத்துப்போகிறது. யாருடைய கோரிக்கை நியாயம் என்று பிரிக்க வேறொரு அளவுகோல் வேண்டும். 2003இல் வெளிவந்த விவாதத்தில் ஹொனெத்திடம் அமெரிக்க மெய்யியலாளர் நான்சி ஃப்ரேசர் வாதாடியதும் இதற்குத்தான்: எல்லோரும் சமமாகப் பங்கேற்க அந்தக் கோரிக்கை வழிசெய்கிறதா? நான் ஃப்ரேசர் பக்கம்.

வாசகர் பதில்: ஆஷ்விட்ஸ் (நாஜிகளின் கொலை முகாம்) மீண்டும் நிகழக்கூடாது என்பதற்கு வாதம் தேடுவதே அக்கிரமம் என்றார் ஹொர்க்ஹைமரின் சகா அடோர்னோ, 1966இல். எனக்கு அதுதான் சரி. ஃப்ரேசரைக் கேட்டு அந்த முதியவர் மனம் மாறியிருப்பாரா என்ன? போகட்டும், அந்தப் பெண் என்ன சொன்னார்?

எழுதியவர் பதில்: "ஏன் நீங்கள் முதலில்?" என்று அந்தப் பெண் கேட்டார். "இங்கே பிறந்தவன்" என்றார் முதியவர். "என் மகளும் இங்கேதான் பிறந்தாள்." உடனே அவர் வேறு காரணத்துக்குத் தாவினார்: நாற்பது வருடம் வரி கட்டியிருக்கிறாராம். தானும் கட்டுவதாகப் பெண் சொன்னார். நியாயம் (அதாவது ஏற்கத்தக்க காரணம்) கேட்கும் உரிமை என்று மெய்யியலாளர் ரைனர் ஃபோர்ஸ்ட் எழுதுகிறாரே, அதை அன்று கையில் எடுத்தவர் அந்தப் பெண்தான். பேராசிரியர் யாரும் அங்கே இல்லை.