‘தகாச் செல்வாக்கு’ பொருந்துமா?

அன்புடையீர், வணக்கம்.

மலேசிய ஒப்பந்தச் சட்டச் சொற்களுக்காக ஐயா அவர்கள் நேற்று அனுப்பிய பட்டியலில் ‘undue influence’ என்பதற்குத் தந்துள்ள ‘தகாச் செல்வாக்கு’ என்பதை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. சுங்கை சிப்புட்டில், தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வுபெற்ற முதியவர்களுக்கு மலாய்ப் படிவங்களைப் படித்துப் பொருள் சொல்லி வருகிறேன். தயக்கம் அங்கே பிறந்ததுதான்.

ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே காலம் கழித்த ஒரு பாட்டி, தம் வீட்டை அண்ணன் மகன் பெயருக்கு மாற்றிக் கைநாட்டு வைத்திருந்தார். மிரட்டினார்களா என்று கேட்டேன். “யாரும் மிரட்டல ஐயா. பேங்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவன்தான் கூட்டிட்டுப் போறான். அவன் தாளை நீட்டுனா நான் எப்படி மாட்டேன்னு சொல்றது?” என்றார். அந்த இளைஞனுக்கு ஊரில் எந்தச் செல்வாக்கும் கிடையாது. பதவியும் பணமும் உள்ளவரையே நாம் செல்வாக்குள்ளவர் என்கிறோம். தோட்டத் தொழிலாளரை மேற்பார்த்த அக்காலத்துக் கங்காணிக்கு அது இருந்தது. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவோ, உறவின் தன்மையால் ஒருவர் மற்றவரின் விருப்பத்தை ஆளும் நிலையில் இருந்து, அந்நிலையைக் கொண்டு முறையற்ற ஆதாயம் அடைவதைப் பற்றியது. முதுமையாலோ நோயாலோ மனம் தளர்ந்தவரோடு செய்யும் ஒப்பந்தத்தையும் அது தனியே குறிப்பிடுகிறது.

1929ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் உள்ள இஞ்சே நோரியா வழக்கும் இத்தகையதே. சிங்கப்பூரில் எழுத்தறியாத முதிய மலாய் மாது ஒருவர், தம் காரியங்களைக் கவனித்துவந்த உறவினருக்குக் கொடைப்பத்திரம் எழுதினார். வழக்கறிஞர் ஒருவர் அதை அவருக்கு விளக்கியும் இருந்தார். ஆனால் ஏறத்தாழ முழுச் சொத்தும் அதோடு போகிறது என்பது அந்த வழக்கறிஞருக்கே தெரியாது. அன்று மேல்முறையீடுகளுக்கு இறுதி மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் பத்திரத்தை ரத்துச் செய்தது.

ஆகவே ‘தகா ஆட்படுத்தல்’ என்பதை முன்மொழிகிறேன். பக்தி இலக்கியத்தில் ஆட்படுதல் உவந்து செய்வது என்பதால், ‘தகா’ என்னும் அடையை ஒருபோதும் விடக்கூடாது.

பட்டியலில் ‘misrepresentation’ என்பதற்கு உள்ள ‘பொய்யுரை’யும் பொருந்தாது. தெரிந்தே பொய் சொல்வது 17ஆம் பிரிவின் மோசடி. உண்மையல்லாததை உண்மையென்று நம்பியே, போதிய ஆதாரமின்றி உறுதியாகச் சொல்வதும் 18ஆம் பிரிவில் அடங்கும். ‘பிழையுரை’ போதும்.

‘Coercion’ என்பதற்குத் தந்துள்ள ‘வற்புறுத்தல்’ மிக மென்மையான சொல். விருந்தாளியை இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொல்வதும் வற்புறுத்தல்தானே? 15ஆம் பிரிவுக்குத் தண்டனைச் சட்டம் தடுக்கும் செயலோ, சொத்தைச் சட்டவிரோதமாகப் பிடித்துவைப்பதோ, இவற்றைச் செய்வதாக மிரட்டுவதோ வேண்டும். ஜப்பானியர் ஆட்சியில் இரண்டு ஜப்பானிய அதிகாரிகள் முன்னிலையில் சுல்தான் இட்ட ஆணைப்படி நடந்த நிலமாற்றத்தில் இசைவு சுதந்திரமானதல்ல என்று 1954இல் வெளியான ஒரு தீர்ப்பு கூறியது. வடசொல் என்ற மறுப்பு எழுந்தாலும், அதற்குப் ‘பலவந்தம்’ என்பதையே நான் வைத்துக்கொள்வேன்.

மீண்டும் முதற்சொல்லுக்கு வருகிறேன். ஆட்படுத்தியவர், ஆட்பட்டவர் என்று இரு தரப்பையும் ஒரே வேரிலிருந்து பிரித்துச் சொல்ல முடிவது மொழிபெயர்ப்பாளருக்குப் பெரிய உதவி. செல்வாக்கு என்ற சொல்லில் ஆட்பட்டவருக்குப் பெயரே இல்லை. இதனினும் பொருத்தமான வேர் உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள்.