அஃபேசியாவுக்கு ‘பேச்சிழப்பு’ வேணாம், ‘மொழிக்குலைவு’ன்னு வைக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்,

மூளை அடிபட்டு மொழி கெட்டுப்போற அஃபேசியாவுக்கு பேச்சிழப்புன்னு ஏற்கனவே ஒரு சொல் ஓடிட்டிருக்கு, அதை ஏன் இப்ப மாத்தணும்னு ஐயா கேட்டிருந்தீங்க. நியாயமான கேள்விதான், புழக்கத்துல இருக்கறதை காரணமில்லாம மாத்தக்கூடாதுன்னுதான் நானும் நினைக்கறேன். ஆனா இந்தச் சொல்லால ஒரு நோயாளிக்கு நேரம் வீணாப் போனதை பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன், அதனாலதான் விடாம எழுதறேன்.

நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப ஒரு ராத்திரி பெரியவர் ஒருத்தரை மகன் கூட்டிட்டு வந்தார். கை கால்ல ஒண்ணும் இல்லை, நடந்தேதான் வந்தார், "சாயங்காலத்துலேர்ந்து அப்பாவுக்கு புத்தி பேதலிச்ச மாதிரி இருக்கு"ன்னு மகன் சொன்னார். கூட இருந்த ஸ்டூடண்ட் தமிழ்ல கேட்ட கேள்வி, "பேச்சு போயிடுச்சா?" மகன் உடனே "இல்லையே டாக்டர், நிறுத்தாம பேசுறாரே"ன்னுட்டார். கேஸ் ஷீட்ல அஃபேசியா இல்லைன்னு ஏறிடுச்சு, மனநல வார்டுக்கு அனுப்பிடலாம்னு கூட முடிவாயிடுச்சு. அப்ப சீனியர் அக்கா ஒருத்தங்க வந்து தன் கைக்கடிகாரத்தைக் கழட்டிக் காட்டி இது என்னங்கய்யான்னு கேட்டாங்க. "அது வந்து சுத்துற சட்டம், நேத்து ஓட்டிட்டு வந்தது, மேல வச்சா போயிரும்ல"ன்னு தங்குதடையில்லாம சொன்னார். கண்ணை மூடுங்கன்னா அக்கா முகத்தையே பார்த்து சிரிச்சார். ஸ்கேன்ல இடது டெம்போரல் லோப், அதாவது காதுப்பக்க மூளை, பின்பக்கம் அடிபட்டிருந்துச்சு, சொல்றதைப் புரிஞ்சுக்க உதவுற வெர்னிக்கே பகுதி அது. நடுப் பெருமூளைத் தமனியோட கீழ்க்கிளை அடைச்சா இப்படித்தான் ஆகும், கை முகத்தை ஆட்டுற பகுதிக்கு மேல்கிளைலேர்ந்து ரத்தம் போறதால பக்கவாதமே தெரியாம தப்பிச்சிடும். அடைச்ச ரத்தக்கட்டியைக் கரைக்கற ஊசியை வழக்கமா 4.5 மணி நேரத்துக்குள்ள போடணும், அவருக்கு அது தாண்டிடுச்சு.

பேச்சு எங்கயும் போகலை, அதுல இருந்த மொழிதான் குலைஞ்சு போச்சு. மூளையோட முன்பக்கம் அடிபட்டு வர்ற ப்ரோக்கா வகை அஃபேசியால பேச்சு நிஜமாவே சுருங்கிடும், ஒவ்வொரு சொல்லா பிடிச்சு இழுக்கணும், அதைப் பார்த்து வச்ச பேர்தான் பேச்சிழப்புன்னு தோணுது. பாதி நோய்க்குத்தான் அது பொருந்துது. இன்னொண்ணும் யோசிங்க, பிறவியிலேயே காது கேக்காம சைகை மொழிலேயே பேசுறவங்களுக்கும் இடது மூளை அடிபட்டா அஃபேசியா வருது, கை நல்லா ஆடும், சைகை மட்டும் குளறுபடியாயிடும், அவங்களுக்குப் போய் பேச்சிழப்புன்னு எப்படிச் சொல்றது?

இந்தச் சண்டை புதுசும் இல்லை. 1861ல பாரிஸ்ல, ‘டான்’ங்கற ஒலியைத் தவிர வேற ஒண்ணும் பெருசா சொல்ல முடியாத நோயாளியோட மூளையைக் காட்டினப்ப ப்ரோக்காங்கற பிரெஞ்சு டாக்டர் இதுக்கு வச்ச பேர் அஃபீமியா. கிரேக்கத்துல அந்தச் சொல்லுக்கு அவப்பெயர்ங்கற அர்த்தம் வருதுன்னு சொல்லி 1864ல இன்னொரு பிரெஞ்சு டாக்டர் ட்ரூஸோதான் அஃபேசியான்னு மாத்தினார், மாத்தினது நின்னுடுச்சு. மூணே வருஷத்துல அவங்க மாத்தியிருக்காங்க, நாமும் தயங்க வேணாம்.

‘மொழியிழப்பு’ன்னு தம்பி சொன்னது பக்கத்துல வருது. ஆனா இழப்புன்னா மொத்தமா போனதுன்னு குடும்பம் எடுத்துக்கும், ‘இனிமே வராதா டாக்டர்’னு அழுவாங்க, பயிற்சி கொடுத்தா பலருக்கு ஓரளவு திரும்புது. அதோட ஒரு இனமே தன் மொழியை விட்டுடறதையும் மொழியிழப்புன்னுதான் எழுதறோம். குலைவுன்னா கொஞ்சம் கலைஞ்சதுக்கும் மொத்தமா சிதைஞ்சதுக்கும் பொருந்தும், கொஞ்சமா குலைஞ்சதைச் சொல்ற டிஸ்ஃபேசியாவுக்குத் தனியா ஒரு சொல் தேட வேண்டியதும் இல்லை.

மொழி சரியா இருந்து வாய், நாக்குத் தசை மட்டும் ஒத்துழைக்காத டிஸ்ஆர்த்ரியாவுக்கு நாம யோசிக்கவே வேணாம், வர்றவங்களே "வாய் குழறுது"ன்னுதான் சொல்றாங்க, வாய்க்குழறல்னே வச்சிடலாம். நாக்குழறல்னு வச்சா நாக்கு மட்டும்தான்னு ஆயிடும். ப ப ப-ன்னு சொல்லச் சொன்னா உதடு, அதாவது மூளையிலேர்ந்து வர்ற 7வது நரம்பு எப்படி வேலை செய்யுதுன்னு தெரியும், த த த-ல நாக்கு நுனி, அதாவது 12வது நரம்பு, க க க-ல அடிநாக்கும் அண்ணமும். குழறல் மட்டும் இருக்கறவர் கையில பேனா கொடுத்தா சரியா எழுதிக் காட்டிடுவார், மொழிக்குலைவு இருந்தா எழுத்தும் சேர்ந்து குலைஞ்சிருக்கும். ரெண்டுக்கும் தனித்தனி சொல் இருந்தா ஸ்டூடண்ட்ஸுக்கு இந்த வித்தியாசம் கேள்வி கேக்கும்போதே ஞாபகம் வரும், "பேச்சு போயிடுச்சா"ன்னு கேக்காம "சொல்றது புரியுதா, சொல்றதுல அர்த்தம் இருக்கா"ன்னு கேப்பாங்க.

உள்வகைகளுக்கு, ப்ரோக்காவுக்கு ‘சொல்வராமை’, வெர்னிக்கேவுக்கு ‘பொருள்பிடியாமை’, எல்லாம் சேர்ந்து போனா ‘முழு மொழிக்குலைவு’. கண்டக்‌ஷன் அஃபேசியாவுக்குத்தான் இன்னும் சரியா அமையலை, நாம சொல்றது புரியுது, தானாவும் பேசுறார், ஆனா ‘ஆத்துல தண்ணி வருது’ன்னு சொல்லிட்டு திருப்பிச் சொல்லுங்கன்னா முடியலை. ‘திருப்பிச்சொல்லாமை’ன்னா வேணும்னே சொல்லாத மாதிரி இருக்கு. வேற யாருக்காவது தோணினா எழுதுங்க.