போன்சாய்க் கண்காட்சியில் பரிசு தேவையா?

கம்பித்தடம்:
சென்ற மாதம் ஒரு போன்சாய்க் கண்காட்சியில், அதாவது தொட்டியில் குறுக்கி வளர்க்கும் மரங்களின் கண்காட்சியில், முதற்பரிசு பெற்ற ஜூனிப்பர் மரத்தை நெருங்கி நின்று பார்த்தேன். முன்பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. பின்பக்கம் சென்று குனிந்தபோது, இரண்டாம் கிளையின் பட்டையில், அதை வளைக்கச் சுற்றிய கம்பி அழுந்திய வடு, நகம் நுழையும் ஆழத்துக்குச் சுருள் சுருளாக ஓடியிருந்தது. தொட்டியின் பாசியும் அந்த வாரம் ஒட்டியதுதான் என்பதை அதன் தூக்கிய ஓரங்களே காட்டின. பல பத்தாண்டுகள் நீளும் வேலைக்கு ஒரு நாள் தோற்றத்தைக் கொண்டு மதிப்பெண் இடுவது முறையாகாது. கண்காட்சி இருக்கட்டும், பரிசு வேண்டாம்.

வேர்க்கால்:
நண்பரே, அந்த வடுவைக் காணத் தவறியது நடுவரின் பிழையே அன்றிப் போட்டியின் பிழையன்று. தோக்கியோவின் உவெனோவில் நடைபெறும் கொக்குஃபு கண்காட்சியைப் பாருங்கள். 1934இல் தொடங்கிய அந்தக் கண்காட்சியில் முன்தேர்வில் தேறிய மரங்களுக்கே இடம் உண்டு. அவற்றிலும் மிகச் சிலவே பரிசு பெறுகின்றன. பிப்ரவரியில் நடைபெறுவதால் இலையுதிர் மரங்கள் இலையின்றி நிற்கும். தவறாக வெட்டிய ஒரு தழும்பைக்கூட இலைக்குள் ஒளிக்க முடியாது. அப்படியொரு தேர்வு காத்திருப்பதால்தான் மேப்பிள் வளர்ப்பவர் நுனிக்கிளைகளை ஆண்டுக்கணக்கில் பொறுமையாகப் பிரித்து வளர்க்கிறார். பரிசை எடுத்துவிட்டால் அந்தப் பொறுமை எத்தனை பேரிடம் மிஞ்சும்?

கம்பித்தடம்:
இலையற்ற மரத்தைப் பற்றித் தாங்கள் கூறியதை ஏற்கிறேன். ஆனால் அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டான 1976இல் ஜப்பான் அன்பளிப்பாக அனுப்பிய 53 மரங்களில் ஒன்றை நினைத்துப் பாருங்கள். 1625 முதல் தொட்டியில் பேணப்பட்ட அந்த வெள்ளைப் பைன் மரம் இன்று வாஷிங்டன் போன்சாய் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதை வழங்கிய யமாகி குடும்பம் ஹிரோஷிமாவில் வாழ்ந்தது. 1945இல் அணுகுண்டு விழுந்தபோது அந்த மரமும் அங்கேதான் இருந்தது. 2001இல் மரத்தை வழங்கியவரின் பேரன்கள் வந்து சொல்லும்வரை அருங்காட்சியகத்தாருக்கே இது தெரியாது. எந்த மதிப்பெண் தாளில் இதற்கு ஒரு கட்டம் போடுவீர்கள்?

தொட்டிமண்:
அருங்காட்சியகம் என்றாலே மரத்துக்கு நல்லது என்று இருவரும் எண்ணிவிட வேண்டாம். விளக்கொளியில் நாள்கணக்கில் நிற்கும் எந்த மரமும் வாடும். ஜப்பானில் 2010இல் திறக்கப்பட்ட ஓமியா போன்சாய் அருங்காட்சியகத்தில் கூடத்துக்குள் சில மரங்களையே மாற்றி மாற்றி வைக்கிறார்கள். மற்றவை வெளியே தோட்டத்தில் வெயிலிலும் காற்றிலும் இருக்கின்றன. போட்டி நடத்துபவர்களும் இதைக் கற்க வேண்டும். அத்துடன் மரத்தைச் சுழற்றிப் பார்க்கும் விதியும், ஐந்தாண்டுக்கு முந்தைய படத்தை உடன் வைக்கும் விதியும் வந்தால் கம்பி வடுவை யாரும் மறைக்க இயலாது.

வேர்க்கால்:
சுழற்றிப் பார்ப்பதை முழுமனதுடன் வரவேற்கிறேன். படத்தை மட்டும் கட்டாயமாக்க வேண்டாம். முதியவர் ஒருவரிடமிருந்து போன ஆண்டுதான் மரத்தைப் பெற்றவர் பழைய படத்துக்கு எங்கே போவார்?

கம்பித்தடம்:
அப்படியானால், மரம் கைமாறிய ஆண்டையும் அதற்கு முன் பேணியவரின் பெயரையும் பலகையில் எழுதட்டும். முப்பது ஆண்டுகள் நீரூற்றியவரின் பெயர் எங்கும் இல்லாமல், ஓராண்டு வைத்திருந்தவர் கோப்பையைத் தூக்கிச் செல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.