லூபெக் கப்பல் தலைவர்கள் சங்கம்: 1401ஆ, 1535ஆ?

நங்கூரம்:
வட ஜெர்மனியில் லூபெக் நகரத்து 'ஷிஃபர்கெசல்ஷாஃப்ட்' கட்டடத்தைப் பற்றி ஒரு சந்தேகம். சிலர் 1401 என்கிறார்கள், சிலர் 1535 என்கிறார்கள். எது சரி? மாலுமிகளின் தொழிற்சங்கமா இது? இப்போது உணவகமாமே, உள்ளே பழசு ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

பாய்மரம்:
1401 சங்கத்தின் வயது, 1535 வீட்டின் வயது. முதலில் இது புனித நிக்கோலஸ் பெயரில் அமைந்த ஒரு பக்தி சபை. 1401 டிசம்பர் 26 அன்று தொடங்கினார்கள். கடலில் செத்தவனுக்குக் கல்லறை ஏது? அவன் ஆன்மாவுக்குப் பூசை, வீட்டில் தவிப்பவர்களுக்கு உதவி, இதற்குத்தான் எல்லோரும் காசு போட்டார்கள். 1530களின் தொடக்கத்தில் ஊர் கத்தோலிக்கத்தை விட்டு லூத்தரன் வழிக்கு மாறியதும் இறந்தோர் பூசை நின்றது. ஆனால் ஆட்களும் தேவையும் அப்படியே இருந்தன. எனவே சபை தொழில் சங்கமாகி, 1535ல் வீடு வாங்கியது.

தொழிற்சங்கம் என்று சொல்லாதீர்கள். 'ஷிஃபர்' என்றால் கப்பலை நடத்துகிறவர். தூத்துக்குடித் தோணியில் தண்டல் மாதிரி. கூலிக்கு ஏறுகிற ஆள் இல்லை, அவனுக்குக் கூலி கொடுக்கிற ஆள். பெரும்பாலும் கப்பலிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஒரு கப்பலை 8, 16 என்று பங்கு பிரிப்பார்கள். முழு முதலையும் ஒரே கப்பலில் போட்டு, அது மூழ்கினால் ஆள் தெருவில்தான்.

உப்புமூட்டை:
உள்ளே தாராளமாக மிச்சம் இருக்கிறது. நீள மேசைகள், உயரமான முதுகுப் பலகை வைத்த பெஞ்சுகள், கூரையில் தொங்கும் கப்பல் மாதிரிகள். எந்தத் துறைமுகத்துக்கு ஓடுகிறார்களோ அந்தக் கூட்டத்துக்குத் தனி இருக்கை. பெஞ்சின் ஓரப் பலகைச் செதுக்கலைப் பார்க்காமல் சாப்பாட்டுப் பட்டியலைத் திறக்காதீர்கள்.

நார்வேயின் பெர்கனுக்கு ஓடியவர்களின் சின்னம் ஒரு பக்கம் பாதிக் கழுகு, மறுபக்கம் கிரீடம் வைத்த கருவாடு! வேடிக்கைக்காக வைத்ததில்லை, அவர்கள் பிழைப்பே அதுதான். அந்தக் கருவாடு காட் மீன். அதில் கொழுப்பு குறைவு. வடக்கின் குளிர்காற்றில் உப்பே போடாமல் விறகாகக் காயும். ஹெர்ரிங் கொழுப்பு மீன், காயவிட்டால் சிக்குவாடை அடித்துவிடும். அதற்கு லூனபுர்க் ஊர் உப்பு போட்டுப் பீப்பாயில் அடைத்தாக வேண்டும். அந்த உப்பு லூபெக் வழியாகத்தான் கப்பலேறியது.

நங்கூரம்:
போரில் தப்பியதா? சங்கம் எப்போது போனது?

பாய்மரம்:
1942 மார்ச் 28 இரவுக் குண்டுவீச்சில் பழைய நகரம் பெரிய அளவில் எரிந்தது. இந்த வீடும் எதிரே இருக்கும் யாக்கோபு தேவாலயமும் தப்பின. சங்கத்தின் தொழில் உரிமை 1860களில் யாரும் எந்தத் தொழிலும் செய்யலாம் என்ற சட்டத்தோடு போனது. போனால் தெருவைக் கடந்து தேவாலயத்துக்குள்ளும் நுழையுங்கள். 1957ல் 80 பேரைப் பலிகொண்டு மூழ்கிய 'பாமிர்' பாய்க்கப்பலின் உயிர்காப்புப் படகு அங்கே இருக்கிறது.